பத்து ரவைக்கு மூன்று தடவை சிக்கினால்: திருக்கோணமலையிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் திருக்கோணமலையில் அம்மா வீட்டில் நிற்கிறேன். ஒரு மாத லீவு. ஹூஸ்டனுக்குத் திரும்பிய பிறகு ஆறுதலாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு பகுதி இந்த ஊரைப் பற்றியது. அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன்.

டெக்சாஸுக்கு வந்து எட்டு மாதம், வேலைத்தலத்து நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, போய்ப் பழகிவிட்டேன், பயிற்சிக்கென்று .22 பிஸ்டல் ஒன்றும் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் இருந்ததிலேயே மலிவான பெட்டியை, 500 ரவை, அதாவது தோட்டா, உள்ளதை எடுத்தீர்கள். இப்போது பத்து ரவைக்கு இரண்டு மூன்று தடவை சிக்குகிறது. பிழை துவக்கிலா ரவையிலா, எதை நம்பி வாங்குவது, இந்தப் பழக்கத்தை ஊரில் அம்மாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள்.

ரவைக்கு முன்னால் விசாவைப் பேசிவிடுவோம். நீங்கள் கிறீன் கார்டோடு வந்தவர், 21 வயதும் தாண்டியவர், ஆகவே உங்களுக்குத் தடையில்லை. ஆனால் அறைத் தோழன் மாணவர் விசாவில் இருக்கிறார், அவரும் கூட வந்து சுடுகிறார் என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துவக்கை மட்டுமல்ல, ரவையைக்கூடக் கையில் வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை தனக்குப் பொருந்துமா என்று அவர் ஒரு சட்டத்தரணியிடம் கேட்கும்வரை ரேஞ்ச் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். வாடகைத் துவக்கு என்றாலும் சட்டம் அதுதான். இதில் மாட்டினால் படிப்பும் போகும், நாட்டைவிட்டு அனுப்பவும் கூடும்.

சரி, இனி ரவை.

நீங்கள் வாங்கியது ரிம்ஃபயர். 9 மில்லிமீற்றர் போன்ற பெரிய ரவையின் அடியில், நடுவில், தனியாக ஒரு சின்னத் தீமூட்டி பொத்தான்போல இருக்கும். .22 ரவையில் அது இல்லை. பித்தளைக் கோதின் அடி விளிம்பு உள்ளே மடிந்து குழாய்போல இருக்கும். தீமூட்டும் மருந்து அந்த மடிப்புக்குள் கிடக்கிறது. ஈரமான மருந்தைக் கோதின் அடியில் வைத்துக் கோதை வேகமாகச் சுழற்றுவார்கள், மருந்து ஓடிப்போய் விளிம்பைப் பிடிக்கும். அப்பச் சட்டியில் மாவை ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றுகிறோமே, அதே வேலை. சில நேரம் அப்பத்தில் ஒரு பக்கம் மா ஏறாமல் ஓட்டை விழும் அல்லவா? ரவையிலும் அப்படி ஒரு வெற்றிடம் விழலாம். அடிக்கும் ஊசி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வரும். நல்ல தொழிற்சாலையில் இது அரிதாக நடக்கும், மலிவுப் பெட்டியில் கொஞ்சம் கூடுதலாக நடக்கும்.

இன்னொரு விசயம் வேகம். உங்கள் பிஸ்டலில் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் வழுக்கும் மேல்பாகத்தை, வெடிக்கும் நேரம் பூட்டிவைக்கும் பொறி கிடையாது. ஸ்லைடின் பாரமும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் பிடிக்கிறது. ரவை வெடிக்கும் உதைப்பில் அது பின்னால் போய், கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை எடுத்துக்கொண்டு வரவேண்டும். உதைப்புப் போதாவிட்டால் பாதி வழியில் நிற்கும். கோது வாசலிலேயே சிக்கி, அடுப்புப் புகைபோக்கிபோலச் செங்குத்தாக நிற்கும். பெரிய பிஸ்டலின் அச்சில் வார்த்த .22 பிஸ்டல்கள் பல வேகமான ரவையைத்தான் விரும்பும். ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் போன்ற குறிபார்க்கும் பிஸ்டல்கள் சாதாரண வேக ரவையிலும் பொதுவாக நன்றாக ஓடும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டைத் திறந்து பாருங்கள். வாங்குபவர்களில் பாதிப்பேர் அந்தப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை.

ரவை செய்யும் சிசிஐ கம்பனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகம்), 40 கிறெயின் சன்னம் (குழலால் பறந்து போகும் ஈயத்துண்டு), வேகம் செக்கனுக்கு 1,070 அடி. அதே கம்பனியின் மினி மேக், அதே 40 கிறெயின், 1,235 அடி. 40 கிறெயின் என்பது 2.6 கிராம் அளவு, ஒரு பவுனில் மூன்றில் ஒரு பங்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் உங்கள் ஸ்பிரிங்குக்கு அந்த 165 அடிதான் எல்லாம். 'குவையட்' என்று எழுதிய 710 அடி ரவையை வாங்காதீர்கள். சத்தம் குறைவு, உதைப்பும் குறைவு, ஒவ்வொரு தடவையும் கையால் ஸ்லைடை இழுக்க வேண்டிவரும். ஸ்டிங்கர் என்று மிக வேகமான ஒன்றும் உண்டு. அதன் கோது வழக்கமான .22 கோதைவிடச் சற்று நீளம், போட்டிக்கென்று இறுக்கமாகக் கடைந்த குழலுக்கு அது ஆகாது. பயிற்சிக்கு அந்த வேகம் தேவையுமில்லை.

எது நல்லது என்று ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஒரே கம்பனி, ஒரே மாடல், அடுத்தடுத்த இலக்கம் உள்ள இரண்டு .22 பிஸ்டல்களே வேறு வேறு ரவையை விரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னப் பெட்டியாக மூன்று நான்கு வகை வாங்குங்கள். மினி மேக் ஒன்று, ஸ்டாண்டர்ட் ஒன்று, ஃபெடரல் கம்பனியின் இடைத்தர வகை ஒன்று, அகிலா சூப்பர் எக்ஸ்ட்ரா ஒன்று. முதலில் பிஸ்டலைக் கழற்றித் துப்புரவாக்குங்கள், புதிதில் பூசிவரும் காப்பு எண்ணெயைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு வகையையும் சுட்டு, ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை சுட்டது, எத்தனை வெடிக்கவில்லை, எத்தனை சிக்கியது, எந்த ரவைக்கூட்டில் (ரவையை அடுக்கிப் பிஸ்டலுக்குள் செருகும் கூடு). கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். இரண்டு ரவைக்கூடு இருந்து, சிக்கல் எப்போதும் ஒன்றில் மட்டும் வந்தால் பிழை ரவையில் இல்லை, கூட்டின் உதட்டில்.

ரவையைக் கூட்டில் அடுக்கும்போதும் பாருங்கள். மேலே வைக்கும் ரவையின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். அவசரமாக அடுக்குபவர்கள் இந்தச் சிக்கலுக்கு ரவையைத்தான் திட்டுவார்கள்.

நான் தொடங்கியபோது என்னிடமும் ஒரு மலிவுப் பெட்டி இருந்தது. ஐந்நூறும் கலந்து கொட்டிய பெட்டி. ரேஞ்சில் ஒரு கிழவர், ஓய்வுபெற்ற தபால்காரர், என் பக்கத்து வரிசையில் நின்றார். என் பெட்டிக்குள் கைவிட்டு இருபது ரவையை மேசையில் பரப்பினார். ஒன்றின் ஈயச் சன்னத்தை விரலால் ஆட்டினார், ஆட்டம் கண்ட பல்லைப்போல ஆடியது. இன்னொன்றின் விளிம்பு நசிந்திருந்தது. ஒன்றில் மெழுகு கட்டியாகப் பிடித்துத் தூசி ஒட்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் அந்த மூன்றையும் கழிவு வாளியில் போட்டார். மெழுகு ஒட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைக்கலாமா என்று கேட்டேன். "இரண்டு காசுக்கு உன் கண்ணை வைத்து விளையாடாதே" என்றார். அன்றிலிருந்து பெட்டியில் ஐம்பதும் தனித்தனிக் குழியில் நிற்கும் ரவையைத்தான் வாங்குகிறேன். அப்படி வாங்கினாலும் 9 மில்லிமீற்றரோடு பார்க்கும்போது செலவு மிகக் குறைவு.

உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரிந்த பிறகு அதே உற்பத்தி இலக்கத்தில் ஐந்நூறு ரவை சேர்த்து வாங்குங்கள். அதற்கு மேல் குவிக்கத் தேவையில்லை. 2012 டிசம்பருக்குப் பிறகு சில வருடம் .22 ரவை கடையில் கண்ணுக்கே தெரியவில்லை, 2020இலும் அப்படித்தான் வந்தது. விடியக் காலையில் வரிசையில் நின்று, கிடைத்த ஒரு பெட்டியோடு திரும்பிய நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் கையில் இரண்டு மாதத்துக்குத் தேவையானது இருந்தால் பதற்றம் வராது. காரின் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். டெக்சாஸ் வெயிலில் மெழுகு உருகி ரவையெல்லாம் பிசுபிசுக்கும்.

'டிக்' என்று வந்து வெடிக்காவிட்டால் குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி முப்பது செக்கன் எண்ணுங்கள். தாமதித்து வெடிக்கக்கூடும். அப்புறம்தான் வெளியே எடுப்பது. வழக்கத்தைவிடச் சத்தம் மெலிந்து 'பொப்' என்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம். ரவையை எல்லாம் எடுத்துவிட்டு, கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வரிசையில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று கூச்சப்படாதீர்கள்.

முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை, முகம் கழுவுங்கள். .22 சன்னம் பெரும்பாலும் வெறும் ஈயம், தீமூட்டும் மருந்திலும் ஈயம் இருக்கும். சட்டையை மாற்றாமல் பிள்ளைகளைத் தூக்கவேண்டாம்.

இனி ஊர். நான் புறப்படுவதற்கு முதல் நாள் பழைய முதுகுப் பையை எடுத்தேன், மருந்துகளும் பால்மாவும் வைக்க. முன்னொரு காலத்தில் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பை. கவிழ்த்து உதறினேன், ஒன்றும் விழவில்லை. மகன் பக்கப் பையின் தையலுக்குள் விரலை விட்டுத் தடவினான். சமையலறைத் தரையில் 'டிங்' என்று ஒரு .22 ரவை விழுந்து உருண்டது. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு ரவை வைத்திருப்பது இலங்கையில் குற்றம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அந்தப் பையைத் திறந்து அதை எடுத்திருந்தால், தமிழ்ப் பெயரும் திருக்கோணமலை விலாசமும் உள்ள ஒருவன் "தெரியாமல் வந்துவிட்டது" என்று சொல்வதை யார் கேட்பார்கள்? ரேஞ்சுக்கென்று ஒரு பை வையுங்கள், அது வேறு எந்தப் பயணத்துக்கும் போகக்கூடாது. வெற்றுக் கோதும் அப்படித்தான், சாவிக் கொத்தில் மாட்டி அழகு பார்க்கவேண்டாம்.

அம்மாவுக்குச் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் தொலைபேசியில் வேண்டாம். 2006 ஜனவரி 2 அன்று இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னேரம் அந்தப் பக்கம் நடக்கும்போது எனக்கு இன்றும் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த ஊர்த் தாய்க்குப் பிஸ்டல் என்ற சொல் விளையாட்டுச் சாமானின் பெயராக ஒருபோதும் கேட்காது. நான் என் அம்மாவிடம் சொன்னது மூன்றாவது தடவை ஊருக்கு வந்தபோதுதான். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுக் கோட்டை வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தோம். மான்கள் வீதியோரம் படுத்திருந்தன. காகிதத்தில் வட்டம் போட்டு அதைக் குறிபார்ப்பது, வேறு ஒன்றுக்குமில்லை என்றேன். அம்மா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலயோ வைச்சிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். இரும்புப் பெட்டி, துவக்கு ஒரு பூட்டில், ரவை இன்னொரு பூட்டில் என்று சொன்னேன். உங்களிடம் அந்தப் பெட்டி இல்லையென்றால் அடுத்த ரவைக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அடுத்த மாதம் முதல் கிழமை நான் அங்கே நிற்பேன். சனிக்கிழமை காலை உங்கள் பிஸ்டலையும், இரண்டு ரவைக்கூட்டையும், அந்த மலிவுப் பெட்டியில் மிஞ்சியதையும் கொண்டுவாருங்கள். வேறு வகையில் நான்கு பெட்டி நான் கொண்டுவருகிறேன். கொப்பி மட்டும் நீங்கள் வாங்குங்கள்.