மேஸ்திரி பதில்கள்: ஆயா கட்டிய அடுப்படியை இடிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் பக்கத்துத் தோட்டத்து வீடுகளைப் பற்றி இந்த மாதம் கடிதங்கள் அதிகம். பக்கம் கொள்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கரும்புத் தோட்டத்து வீடு மரமும் தகரமுமாகக் கொள்ளுத்தாத்தா கட்டியது. 1930-க்கு முந்தியது என்பார்கள். 1958-இல் ஆயா பின்பக்கம் செங்கல்லில் அடுப்படி சேர்த்தார். முன்பக்க மரத் திண்ணையை அப்பா சிமெண்டுத் திண்ணை ஆக்கினார். அதில் ஒரு பக்கத்தைக் கண்ணாடி வைத்து அடைத்து அறையாக்கினோம். "ஒட்டுப்போட்டதையெல்லாம் இடித்துவிட்டுத் தாத்தா கட்டின மாதிரியே ஆக்குவோம்" என்கிறார்கள் தம்பிமார். என்ன செய்யலாம்? முன் அறைத் தரையும் மிதித்தால் அமுங்குகிறது. (வாசகி, டோங்காட்)

அம்மா, தம்பிமார் கையில் இருக்கிற கடப்பாரையை வாங்கி மூலையில் சாத்துங்கள். தரை அமுங்குகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இந்த வீடுகள் மண்ணில் ஒட்டாமல் நிற்கவேண்டும் என்றே கட்டப்பட்டவை. கீழே செங்கல் குட்டைத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தகரத் தொப்பி. அதற்கு மேல் உத்தரக் கட்டை, அதற்கு மேல் தரைப் பலகை. தொப்பியின் விளிம்பு சுற்றிலும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அது கரையானைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்காது, காட்டிக்கொடுக்கும். அந்த விளிம்பைச் சுற்றி மேலே ஏற வேண்டுமானால் கரையான் நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மண்குழாய் கட்டியாக வேண்டும். மாதம் ஒரு தரம் டார்ச்சோடு குனிந்து பார்க்கிற ஆளுக்கு அது போதும். என் அப்பா ஞாயிற்றுக்கிழமை கறி வேகிற நேரத்தில் வீட்டுக்கு அடியில் புகுந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் தரைக்குக் கீழேயிருந்து பதில் வரும்.

உங்கள் அப்பா மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் சிமெண்டு போட்டு, வீட்டு உத்தரத்தோடு ஒட்டவைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிவப்புத் தரைக்குப் பாலிஷ் போட்டால் முகம் பார்க்கலாம். நானே பத்து வீட்டிலாவது ஊற்றியிருப்பேன். ஆனால் கரையானுக்கு அது பாலம். தொப்பி பக்கமே போகாமல் நேரே மரத்துக்குள் போய்விடும். வீட்டடிக்குக் காற்றுப் போகிற வழியும் அடைபட்டு, உத்தர முனை ஈரத்திலேயே கிடக்கும்.

அதற்காகத் திண்ணை முழுவதையும் உடைக்க வேண்டாம். வீட்டை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து எடுங்கள். அடியில் உள்ள மண்ணைத் தொப்பி மட்டத்துக்குக் கீழே தோண்டி வாருங்கள். அந்த இடைவெளியைக் கழற்றி மாட்டுகிற மரச்சட்டத்தால் மூடுங்கள். உத்தரத்தைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் உள்ளே போகிற இடம் வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல மரத்தோடு பக்கத்தில் புதுக் கட்டையைப் போல்ட்டு போட்டு இணைத்தால் போதும்.

அடுத்து, "தாத்தா கட்டின மாதிரி" என்கிற பேச்சு. எந்த வருஷத்துத் தாத்தா? 1964-இல் எனக்கு 14 வயசு. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எங்களை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பினார்கள். அப்பாவும் மாமாமார் இரண்டு பேரும் வீட்டை நாலு நாளில் பிரித்தார்கள். ஒவ்வொரு தகரத்திலும் ஒவ்வொரு மரச்சட்டத்திலும் நான் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டேன். லாரியில் ஏற்றிப்போய் வெருலம் பக்கம் சித்தப்பாவின் குத்தகை நிலத்தில் அதே வீட்டைத் திரும்ப நிறுத்தினோம், ஒரு ஜன்னல் மட்டும் இடம் மாறி. நம்பரைத் தப்பாகப் போட்டவன் நான். அந்த ஜன்னல் கடைசிவரை அங்கேயே இருந்தது. நிலம் சொந்தமில்லாத ஜனங்களுக்குத் தகர வீடு வாய்த்ததற்கு விலை மட்டும் காரணமில்லை, தூக்கிக்கொண்டு போகலாம் என்பதும்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒட்டு எது, அசல் எது என்று கோடு கிழிப்பது கஷ்டம்.

எது எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் வழி உண்டு. டேப்பை எடுத்து மரச்சட்டங்களை அளந்து பாருங்கள். அங்குலக் கணக்குக்குச் சரியாக வந்து, சிவப்போடிய கனமான மரமாக இருந்தால் கப்பலில் வந்த ஆரிகன் பைன். வெளிறிப்போய், கண் கண்ணாக, 38க்கு 114 மில்லிமீட்டர் என்று வந்தால் உள்நாட்டுப் பைன். 1970-களில் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிய பிறகு சேர்த்தது. கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் செய்தவன் முத்திரை தெரியும். பிரிஸ்டல் லைசாட் கம்பெனியின் "ஆர்ப்" முத்திரையை ஒரு கோழிக்கூண்டுக் கூரையில் பார்த்திருக்கிறேன். வீடு போன பிறகும் தகரம் வேலை செய்துகொண்டிருந்தது.

அடுப்படியை இடிக்காதீர்கள். விறகடுப்பு வீட்டோடு ஒட்டி இருந்தால் நெருப்புப் பயம் என்று அந்தக் காலத்தில் அடுப்படியைத் தள்ளி வைத்தார்கள். மழையில் நனைந்துகொண்டு சோற்றுப் பானையோடு நடந்த ஆயா, செங்கல் சுவர் வைத்து அதை வீட்டோடு சேர்த்துக்கொண்டார். அங்கே ஒரு வெல்கம் டோவர் விறகடுப்பு நின்றிருக்குமே? வார்ப்பிரும்பு, ஒன்றும் ஆகியிருக்காது. துருவைத் தேய்த்துக் கறுப்பு பூசி அங்கேயே வையுங்கள்.

சட்டமும் ஆயா பக்கம்தான். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் செல்வச் சட்டம், 34-ஆம் பிரிவு: 60 வயது தாண்டிய கட்டடத்தையோ அதன் ஒரு பகுதியையோ அனுமதி இல்லாமல் மாற்றவும் கூடாது, இடிக்கவும் கூடாது. "ஒரு பகுதி" என்கிற சொல்லைத் தம்பிமாரிடம் இரண்டு தரம் படித்துக் காட்டுங்கள். 1958-இன் அடுப்படியும் அதில் வந்துவிட்டது. நம் மாகாணத்தில் அனுமதி கேட்கவேண்டிய இடம் அமாஃபா என்கிற மரபுச் செல்வ அமைப்பு. விண்ணப்பத்தோடு வரைபடமும் போட்டோக்களும் கேட்பார்கள்.

கண்ணாடி அறை? எனக்குப் பிடிக்காது. திண்ணை என்பது காற்றுக்கு. ஆனால் அங்கே யாராவது படுத்துத் தூங்குகிறார்கள் என்றால் என் விருப்பத்தைக் கேட்காதீர்கள்.

போன வருஷம் பெரிய கூரைக்கு மட்டும் கலர் தகரம் மாற்றினோம். 40 வருஷமாக நன்றாக இருந்த பழைய தாழ்வாரத் தகரம் இப்போது கோடு கோடாகத் துருப்பிடிக்கிறது. பழைய தகரமே மட்டம் என்கிறார் கடைக்காரர். (வாசகர், ஸ்டேங்கர்)

பழைய தகரம் மட்டமில்லை, தம்பி. துத்தநாகம் பூசிய பழைய கூரையிலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் போகிற வழியில் கொஞ்சம் துத்தநாகத்தை எடுத்துக்கொண்டுதான் கீழே இறங்கும். கலர் தகரத்தில் எடுக்க ஒன்றும் கிடைக்காது. அந்தத் தண்ணீர் பசியோடு கீழே விழுந்து தாழ்வாரத் தகரத்தின் பூச்சைத் தின்கிறது. கோடுகளைப் பாருங்கள், மேல் தகரத்தின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே இருக்கும். பெரிய கூரை ஓரத்தில் பீலி மாட்டித் தண்ணீரைத் தனியாக இறக்குங்கள். பீலியும் கலர் பூசினதாக இருக்கட்டும். தாழ்வாரத்தின் துருவைச் சுரண்டித் தகரத்துக்கான பிரைமரோடு பெயிண்ட் அடியுங்கள். இதை நான் என் தங்கை வீட்டில் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். தீபாவளிக்குத் தீபாவளி ஞாபகப்படுத்துவாள்.

ரிச்மண்ட் அருகே பழைய கல் பண்ணைவீடு வாங்கினேன். மண் சாந்தில் கட்டியது. உட்சுவரில் ஈரம். சிமெண்டு பூசினால் நிற்குமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பூச்சு நிற்கும், சுவர்தான் நிற்காது. மண் சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்டு அந்த வாயை அடைத்துவிடும். வெளியே பூந்தொட்டிக்காகச் சுவரோரம் குவித்த மண்ணை வாருங்கள், கூரைத்தண்ணீரைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள், ஒரு கோடை காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு.

கொட்டகைக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். பாசி பிடித்திருக்கிறது. பிரஷர் வாஷ் செய்யலாமா? (வாசகி, உம்சிண்டோ)

கூடாது. தேய்க்கவும் கூடாது, துளை போடவும் கூடாது. நார் காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போகும். 2008-இல் நாட்டில் தடை செய்த சரக்கு அது. உடையாமல் இருந்தால் தொடாமல் விடுங்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால் அதற்கென்று பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். ஏணியோடு வருகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.