மருத்துவர் பதில்கள்: அம்மாவின் கட்டியில் உள்ள மரபணு மகளுக்கும் வருமா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் அம்மா. அவரும் அப்பாவும் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. சென்ற ஆண்டு, 61 வயதில், அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று ஈப்போவில் உறுதி செய்தார்கள். அறிக்கையில் ‘இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உண்டு’ என்று எழுதியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பெரியம்மாவும் புகைக்காதவர்தான், இதே நோயில் இறந்தார். மரபணு என்றால் பரம்பரைதானே? எனக்கும் என் இரண்டு மகள்களுக்கும் வருமா? இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: ‘மரபணு’ என்ற தமிழ்ச் சொல்லே உங்களை இவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் ‘மரபு’ ஒட்டிக்கொண்டிருப்பதால், அறிக்கையில் அச்சொல்லைக் கண்டதும் தாய்வழிச் சொத்து என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவின் அறிக்கை கூறும் மாற்றம், அதாவது உயிரணுக்களுக்கு ‘வளர்’ என்று கட்டளையிடும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் நேர்ந்த மாற்றம், அநேகமாக, அவர் பிறந்து பல ஆண்டுகள் கழித்து நுரையீரலின் ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக உண்டாகி, அந்த உயிரணு பெருகிக் கட்டியானபோது கட்டிக்குள் மட்டும் பரவிய ஒன்றாகும். அவருடைய இரத்த அணுக்களிலோ கருமுட்டையிலோ அது இருந்திராது என்பதால், உங்களுக்கு வந்திருக்க வழியில்லை. புகைக்காத ஆசியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு வரும் அடினோகார்சினோமா (சுரப்பி உயிரணுக்களில் தொடங்கும்) வகைப் புற்றுநோயில் இம்மாற்றம் மிகவும் சாதாரணம். அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் வேலை செய்வதற்கு இதுவே காரணம் என்பது 2004இல் தெரியவந்தது. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி என்றே கொள்ளலாம்.

பிறவியிலேயே வரும் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் இல்லாமல் இல்லை. டி790எம் எனப்படும் மாற்றம் தலைமுறை தலைமுறையாக இறங்கிய ஒரு குடும்பத்தைப் பற்றி 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்; பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆனால் அத்தகைய குடும்பங்கள் மிக அரிது. டி790எம் பொதுவாக மாத்திரை சாப்பிட்டு நோய் அதற்குப் பழகிய பிறகே கட்டியில் தலைகாட்டும். சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த திசுவிலேயே அது இருந்தால்தான் பிறவி மாற்றமோ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். அம்மாவின் முதல் அறிக்கையில் கட்டியில் வழக்கமாகக் காணப்படும் ‘எக்ஸான் 19’ அல்லது ‘எல்858ஆர்’ மாற்றம் மட்டும் இருந்தால், உங்களுக்கு இரத்தத்தில் மரபணுச் சோதனை தேவைப்படாது. தனியார் சோதனைக்கூடங்கள் விற்கும் ‘புற்றுநோய் மரபணுத் தொகுப்பு’ச் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். குடும்பத்தில் மிக இளவயதில் யாருக்கேனும் புற்றுநோய் வந்திருந்தாலோ, மார்பகம், எலும்பு, மூளை என்று பல இடங்களில் வந்திருந்தாலோ கதை வேறு, கட்டி உருவாகாமல் தடுக்கும் டி.பி.53 போன்ற மரபணுக்களில் பிறவிக் கோளாறு இருக்கலாம் என்பதால் மரபியல் ஆலோசனைக்குச் செல்வது நியாயம்.

அப்படியானால் பெரியம்மாவுக்கும் வந்தது ஏன் என்று கேட்பீர்கள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இந்நோய் வந்திருந்தால், புகைக்காதவருக்கும் ஆபத்து கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுகிறது. அடிப்படை ஆபத்தே சிறியது என்பதால் அதன்மேல் கூடுவதும் சிறியதே. இதற்கு ஒரே மரபணு பொறுப்பல்ல. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள டெர்ட் மரபணுவைப் போல, ஒவ்வொன்றும் சிறிதளவே ஆபத்தைக் கூட்டும் பல இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அதோடு அக்காளும் தங்கையும் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே விறகடுப்பின் புகையைச் சுவாசித்திருப்பார்கள். குடும்பத்தில் இறங்குவது இரத்தம் மட்டுமல்லவே. நுண்துகள் நிறைந்த காற்று, நுரையீரலில் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ள உயிரணுக்களை அழற்சியின் வழியாக எழுப்பிவிடக்கூடும் என்று லண்டன் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். புகைமூட்டக் காலத்தில் வீட்டுக் கதவுகளை அடைத்து வைப்பதற்கும், வெளியே செல்லும்போது என்95 முகக்கவரி அணிவதற்கும் இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தால் போதுமா?
– வாசகர், பகாவ்

பதில்: போதாது. சிறு கட்டிகள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். அதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று நிம்மதி கொள்வது ஆபத்து. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான் அவற்றைக் காட்டும். தைவானில் பெரும்பாலும் புகைக்காத, ஆனால் குடும்ப வரலாறு போன்ற ஆபத்துக் காரணிகளுள்ள 55 முதல் 75 வயதுடைய சுமார் 12,000 பேரை அவ்வாறு சோதித்தபோது 2.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் தெரியவந்தது. குடும்ப வரலாறு உள்ளவர்களை அந்நாடு 2022 முதல் தேசியப் பரிசோதனையில் சேர்த்திருக்கிறது. ஆயினும் இப்படிக் கண்டுபிடிக்கப்படுபவற்றில் சில, வாழ்நாளில் தொந்தரவே தராத கட்டிகளாகவும் இருக்கலாம். அவற்றுக்காக அறுவைச் சிகிச்சைக்குப் போவோரும் உண்டு. உங்கள் வயதையும், நோயுற்ற உறவினரின் வயதையும், கிடைத்தால் அவருடைய திசு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சுவாச நோய் நிபுணரைப் பாருங்கள். மூன்று வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்தாலும் அதற்காகக் காத்திராமல் உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.