வாசகர் கேள்விகள்: சிப்பாய் வீட்டுக்கு வர்ற போன்

கேள்வி: அக்கா, ஒரு வீடியோ பார்த்தேன். பிடிபட்ட சிப்பாய் ஒருத்தனை, சின்னப் பையன் மாதிரிதான் இருக்கான், கேமரா முன்னாடி உக்கார வெச்சு அவங்க அம்மாவுக்கு போன் போட்டுக் குடுக்கறாங்க. இவனும் அழறான், அந்தப் பக்கம் அவங்களும் அழறாங்க. குண்டு போட்டுக் கொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலதானே? பையன் உயிரோட இருக்கான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுடுச்சு. இதுல என்ன தப்பு? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, போன் பேச விட்டது நல்ல காரியம், அதுல தப்பே இல்ல. தப்பு அந்த கேமராவுல இருக்கு. பையன் உயிரோட இருக்கான்னு அம்மாவுக்குத் தெரியணும்னா அவங்க ரெண்டு பேர் பேசிக்கிட்டா போதும், அதை நீயும் நானும் எதுக்குப் பாக்கணும்? அந்த நாட்டுல இருக்கற மத்த சிப்பாய்ங்க வீட்டுல பாத்து கதிகலங்கணும்னுதான் எடுத்தாங்க. அந்த அம்மா அழுததை அவங்களைக் கேக்காமலே எடுத்து ஆயுதமாக்கிட்டாங்க.

1949ல போட்ட மூணாவது ஜெனீவா ஒப்பந்தத்துல 13வது பிரிவு இதைத்தான் சொல்லுது, போர்க்கைதிய அவமானத்துலருந்தும் ஜனங்க வேடிக்கை பாக்கறதுலருந்தும் காப்பாத்தணும்னு. வீட்டுக்குத் தகவல் போறதுக்கு அதுலயே வேற வழி இருக்கு. 70வது பிரிவுப்படி, முகாமுக்கு வந்து சேந்த ஒரு வாரத்துக்குள்ள கைதிய வீட்டுக்கு ஒரு கார்டு எழுத விடணும், இன்னொரு கார்டு ஜெனீவாவுல இருக்கற செஞ்சிலுவையோட தேடல் மையத்துக்குப் போகணும். அந்த கார்டு எப்படி இருக்கணும்னு ஒப்பந்தத்தோட பின்னிணைப்புலயே மாதிரி குடுத்திருக்காங்க. பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, அப்புறம் நல்லா இருக்கேன், காயம் இல்ல, லேசான காயம், பலத்த காயம்னு வரிசையா இருக்கும், பொருந்தாததை அடிச்சுட்டு அனுப்பணும், வேற எதுவும் சேத்து எழுதக்கூடாதுன்னு கீழ போட்டிருக்கும். வெறும் ஒரு கோடு அடிச்ச கார்டுதான், ஆனா ஒரு வீட்டுக்கு அது போதும், அதுல யாரும் யாரையும் வேடிக்கை பாக்கல.

நீ பாத்த மாதிரி வீடியோ 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச உடனே நிறைய வந்துச்சு. உக்ரைன் உள்துறை அமைச்சகமே, ரஷ்ய குடும்பங்க தன்னோட ஆளைத் தேடிக்கலாம்னு ஒரு டெலிகிராம் சேனல் ஆரம்பிச்சு பிடிபட்டவங்க, செத்தவங்க படத்தைப் போட்டாங்க. மார்ச் மாசமே ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இதை நிறுத்தச் சொல்லுச்சு. ரஷ்யாவும் உக்ரைன் கைதிங்களை கேமரா முன்னாடி நிறுத்தாம இல்ல. என் மனசு படையெடுப்புக்கு ஆளான உக்ரைன் பக்கம்தான், அதுக்காக அவங்க பண்ணா சரின்னு என்னால சொல்ல முடியல.

குண்டுக்கு இது தேவலன்னு சொன்னியே, அங்கதான் கணக்கு இடிக்குது. குண்டு சிப்பாய் மேல விழணும், அவன் துப்பாக்கியோட களத்துல நிக்கறவன். இது போய் விழறது வீட்டுல உக்காந்திருக்கறவங்க மேல. அவங்க மேல எதுவுமே விழக்கூடாதுங்கறதுதான் போர் சட்டத்தோட அடிப்படையே.

கேள்வி: போர்னா எதிரிய ஏமாத்தறது சகஜம், சட்டமே அனுமதிக்குதுன்னு சொல்றாங்க. அப்போ எதிரி வீட்டுக்கு ஒரு பொய் சொன்னா மட்டும் எப்படி தப்பாகும்? – ஒரு வாசகர்

பதில்: சட்டம் அனுமதிக்கறது நிஜம்தான். ஜெனீவா ஒப்பந்தத்தோட 1977ல சேத்த கூடுதல் நெறிமுறையில 37வது பிரிவு, மறைஞ்சு நிக்கறது, டம்மி பீரங்கி வைக்கறது, தப்புத் தகவல் பரப்பறது எல்லாம் போர் தந்திரம், தடை இல்லன்னு சொல்லுது. ஆனா அது உன்னைச் சுட வர்றவனை ஏமாத்தறதுக்கு. அவன் சந்தேகப்படணும்னு அவனுக்கே தெரியும், அதுக்குத்தான் அவனுக்கு பயிற்சியும் குடுத்திருக்காங்க. சாவு செய்தி வர்ற வீட்டுல யாரு சார் சந்தேகப்படுவா?

ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் தரப்புல பொய்ப் பிரச்சாரம் நடத்தின செஃப்டன் டெல்மர் பிற்பாடு அவரே எழுதி வெச்சிருக்கற விஷயம் இது. ஜெர்மன் ராணுவ ஆஸ்பத்திரியில ஒருத்தன் செத்தா, வீட்டுக்குச் சொல்லச் சொல்லி அவன் ஊர் நாஜி கட்சிக்காரனுக்கு ரேடியோவுல தகவல் போகும். இவங்க அதை ஒட்டுக்கேட்டு, பேரு விலாசம் எல்லாம் எடுத்து, கடைசி நேரத்துல கூட இருந்தவங்க எழுதற மாதிரி கையால ஒரு லெட்டர் எழுதி அந்த வீட்டுக்குக் கிடைக்கும்படி பண்ணுவாங்க. உங்க பையன் உங்களுக்குன்னு விலை உயர்ந்த பொருள் ஒண்ணை கட்சிக்காரர்கிட்ட குடுத்து அனுப்பினான்னு அதுல இருக்கும். அப்படி ஒரு பொருளே கிடையாது. கட்சிக்காரன் திருடிட்டான்னு அந்த வீட்டுல நினைக்கணும், அவ்வளவுதான் நோக்கம். நாஜிங்களை தோக்கடிக்க வேண்டிய போர்தான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனாலும் அந்த லெட்டரைப் பிரிச்சுப் படிச்ச அம்மாவை நினைச்சா, பையனோட கடைசி வார்த்தைன்னு அதைப் பொட்டியில பத்திரமா வெச்சிருப்பாங்களேன்னு நினைச்சா, எனக்கு அது ஜீரணமாகல.

அந்தப் பக்கம் மில்ட்ரெட் கில்லர்ஸ்னு ஒரு அமெரிக்கப் பெண், பெர்லின் ரேடியோவுல ஜெர்மனிக்காக பேசினவங்க. கைதி முகாம்களுக்குப் போய், நான் செஞ்சிலுவை சங்கம்னு சொல்லி அமெரிக்கக் கைதிங்ககிட்ட வீட்டுக்குச் சேதி பதிவு பண்ணி, அதைப் பிரச்சாரத்துக்கு நடுவுல சொருகி ஒலிபரப்பினாங்கன்னு வழக்குல சாட்சி சொன்னாங்க. பையன் குரலாவது வருமான்னு ரேடியோ பக்கத்துல உக்காந்த வீட்டுக்காரங்க மொத்தப் பிரச்சாரத்தையும் கேட்டே ஆகணும். 1944 மே மாசம், நார்மண்டி படையிறக்கத்துக்கு சில வாரம் முன்னாடி, ஒரு ரேடியோ நாடகத்துல அம்மாவா நடிச்சாங்க, பையன் கப்பல்ல கோரமா செத்துப் போற மாதிரி அந்த அம்மா கனவு காண்பாங்க. 1949ல தேசத்துரோகம்னு தீர்ப்பானது அந்த நாடகத்துக்காகத்தான். என்னைக் கேட்டா செஞ்சிலுவை பேரைச் சொன்னதுதான் அதைவிட பெரிய பாவம். ஒரு தடவை அந்தப் பேரு பொய்யாப் போச்சுன்னா, அடுத்த தடவை நிஜமாவே செஞ்சிலுவைக்காரர் வந்து உன் வீட்டு விலாசம் சொல்லுப்பான்னா எந்தக் கைதி வாயத் திறப்பான்?

கேள்வி: அக்கா, பொய் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அந்த நாட்டு அரசாங்கமே எத்தனை பேரு செத்தாங்கன்னு மறைக்குது. அப்போ எதிரி நாடு சொல்ற நிஜம் மட்டும்தான் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கற ஒரே நிஜம். அதையும் சொல்லக்கூடாதா? – ஒரு ஆசிரியை

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்கு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். நீங்க சொல்றது நடக்கற விஷயம்தான். 1979லருந்து 1989 வரைக்கும் ஆப்கானிஸ்தான்ல சுமார் 15,000 சோவியத் சிப்பாய்ங்க செத்தாங்க, பத்தவெச்சு மூடின துத்தநாகப் பெட்டியில உடம்பு வரும், திறக்கக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க, உள்ள இருக்கறது தன் பையன்தானான்னு கூட தெரியாம புதைச்சவங்க இருக்காங்க. 2015ல புடின், போர் அறிவிக்காத காலத்து ராணுவ உயிரிழப்பையும் அரசு ரகசியம்னு ஆணை போட்டார். இப்படி மறைக்கற அரசாங்கம் தன் ஜனங்களுக்கே பண்றது பெரிய அநியாயம். தன்னோட ஆளுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கறது குடும்பத்தோட உரிமைன்னு 1977 நெறிமுறை 32வது பிரிவுலயே இருக்கு.

அதனால சொல்லக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொல்லணும். ஆனா அது அவங்களுக்குச் சேர வேண்டிய கடன், அதை சொல்றவன் ஆயுதமாக்கக்கூடாது. 2022ல உக்ரைன்காரங்க கிளியர்வியூங்கற முகத்தை அடையாளம் காணற சாஃப்ட்வேர் வெச்சு செத்த ரஷ்யர்கள் யாருன்னு கண்டுபிடிச்சாங்க, முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே 8,600க்கு மேல தேடல்னு செய்தி வந்துச்சு. தன்னார்வலர்கள் சில பேரு அந்தப் பிணத்தோட படத்தையே சோஷியல் மீடியாவுல அம்மாவுக்கு அனுப்பினாங்க. சிதைஞ்ச முகத்தை மெஷின் தப்பா பொருத்திடுச்சுன்னா, உயிரோட இருக்கறவன் வீட்டுல சாவு விழும். சரியாவே பொருத்தினாலும், சமையல் பண்ணிட்டு இருக்கும்போது போன் டிங்னு அடிச்சு, திறந்து பாத்தா அந்தப் படம். அது தகவல் சொல்றது இல்லைங்க, அடிக்கறது. செத்தவங்க விவரத்தைப் பதிவு பண்ணி செஞ்சிலுவையோட தேடல் மையம் வழியா அனுப்பணும்னு முதல் ஜெனீவா ஒப்பந்தம் 16வது பிரிவே சொல்லுது. அந்தப் பக்கத்து அரசாங்கம் அதை வாங்கி அமுக்கிடுச்சுன்னா, படம் இல்லாம, பேரும் தேதியும் மட்டும் வெச்சு, தேடி வர்றவங்க பாக்கற மாதிரி ஒரு பட்டியல் வெக்கலாம். தேடி வந்தவங்களுக்குச் சொல்றது வேற, தேடிப் போய் அடிக்கறது வேற.

இன்னொண்ணும் சொல்லணும். 1995 ஆரம்பத்துல செச்னியா தலைநகர் குரோஸ்னியில சண்டை நடந்த நேரத்துல, ரஷ்யாவுலருந்து பிரியப் போராடின செச்சென் தரப்பு பிடிச்சு வெச்சிருந்த ரஷ்யப் பசங்களைத் தேடி அம்மாக்கள் போர்க்களத்துக்கே போய், சில பேரு பையனைக் கையோட கூட்டிட்டு வந்தாங்க. 2022 மார்ச்ல உக்ரைன் ராணுவ அமைச்சகமும் வந்து கூட்டிட்டுப் போங்கம்மான்னு அறிவிச்சுச்சு. இதுவும் உளவியல் போர்தான், அம்மாக்கள் மனசு மாறணும்னு நினைச்சுதான் பண்றாங்க, ஆனா இதுல அந்த அம்மாவுக்குக் கிடைக்கறது அவங்க பையன். இந்த மாதிரி போரை எத்தனை வேணா நடத்தட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல.

கேள்வி: நீ இங்க சாகற, உன் பொண்டாட்டி அங்க வேற ஒருத்தனோடன்னு படம் போட்டு துண்டுப் பிரசுரம் வீசினாங்களாமே? – ஒரு வாசகர்

பதில்: வீசினாங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனியும் ஜப்பானும் பண்ணாங்க, 1944ல அமெரிக்க உளவுத்துறையும் தனியா இருக்கற ஜெர்மன் பெண்கள் சங்கம்னு இல்லாத ஒண்ணை உண்டாக்கி நோட்டீஸ் அடிச்சுது. இதெல்லாம் சிப்பாய் கைக்குப் போறது, வீட்டுக்குப் போறது இல்ல, அதனால சட்டப்படி தந்திரம்னு விட்டுடுவாங்க. ஆனா சந்தேகத்தை மனசுல வாங்கிட்டு ஊருக்குத் திரும்பினவன் வீட்டுல அந்தப் பொண்ணு என்ன பாடு பட்டிருப்பான்னு எந்தக் கணக்குலயும் வரல.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ராணுவத்துல இருக்கார். தெரியாத நம்பர்லருந்து போன் வந்து அவர் செத்துட்டார்னு சொன்னாங்க. பதறிப் போய் உடனே அவருக்கு போன் பண்ணேன், நல்லாத்தான் இருக்கார். ஆனா இன்னும் கை நடுக்கம் போகல. நான் என்ன பண்ணியிருக்கணும்? – பேர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, அவர் நல்லா இருக்கார்னு படிச்சதும் எனக்கே மூச்சு வந்துச்சு. நீங்க பண்ணதை யாரா இருந்தாலும் பண்ணியிருப்பாங்க, உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. ஆனா அந்தக் கூப்பிட்டவங்க எதிர்பாத்ததும் அதுதான். கிழக்கு உக்ரைன்ல ரஷ்யத் தரப்பு பண்ணதை ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி 2018ல எழுதியிருக்கார். முதல்ல உக்ரைன் சிப்பாய்ங்க போனுக்கு நீங்க சுத்தி வளைக்கப்பட்டுட்டீங்கன்னு மெசேஜ், கொஞ்ச நேரத்துல அவங்க வீடுகளுக்கு உங்க பையன் செத்துட்டான்னு மெசேஜ், வீட்டுக்காரங்க பதறி போன் அடிப்பாங்க, ஒரே இடத்துல அத்தனை போன் உயிர் பெறுறதை வெச்சு இடத்தைக் கண்டுபிடிச்சு அங்க பீரங்கி அடி. பாசத்தையே குறி பாக்கற கருவியா ஆக்கியிருக்காங்க.

அதனால அடுத்த தடவை, வரவே கூடாது, வந்தா அவருக்கு அடிக்காதீங்க. அவரோட யூனிட் ஆபீஸ் நம்பரையும், குடும்பங்களைக் கவனிக்கற அதிகாரி நம்பரையும் இப்பவே வாங்கி எழுதி வெச்சுக்குங்க, அங்க கேளுங்க. வந்த மெசேஜை அழிக்காதீங்க, யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணாதீங்க, அப்படியே அவங்ககிட்ட காட்டுங்க. அனுப்பினவன் யாருன்னு சொல்லிக்கறதையும் நம்பாதீங்க. 2015ல ஐந்து அமெரிக்க சிப்பாய்களோட மனைவிகளுக்கு ஐஎஸ் தீவிரவாதிங்க பேர்ல கொலை மிரட்டல் வந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு அது ரஷ்ய உளவுத்துறையோட ஹேக்கருங்க வேலைன்னு அசோசியேட்டட் பிரஸ் கண்டுபிடிச்சுது. அவர் யூனிட், அவர் எங்க இருக்கார், குழந்தைங்க படிக்கற ஸ்கூல், இதெல்லாம் உங்க ஃபேஸ்புக்ல இருந்தா இன்னிக்கே எடுத்துடுங்க. அவர் லீவுல வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தையை அடையாளமா வெச்சுக்குங்க, ரொம்ப சாதாரண வார்த்தையா இருக்கட்டும். கை நடுக்கம் ஒரு வாரத்துல நிக்கலன்னா டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப் போடாதீங்க.