மாதச் சாமான் வாங்கப் பெரிய கடையா, தெருக்கடையா?

கேள்வி கேட்டவர், மாதச் சாமானைச் சங்கிலித் தொடர் கடையில் வாங்கினால் நானூறு ரூபாய் மிச்சமாகிறது என்கிறார். அப்படியிருக்க, தெருமுனை மளிகைக் கடையில் வாங்குவதற்கு இரக்கத்தைத் தவிர வேறு காரணம் உண்டா என்பது அவர் கேள்வி.

உண்டு. கடலூரில் சிறு கடைகளுக்கு வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். அவர்களுடைய கொள்முதல் பில்களையும் கடன் நோட்டுகளையும் மாதந்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த நானூறு ரூபாய். அது எந்தப் பொருள்களில் மிச்சமானது என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அனேகமாக சோப்பு, பற்பசை, சலவைத்தூள், பிஸ்கட் போன்ற நிறுவனப் பொருள்களில்தான் இருக்கும். நிறுவனங்கள் பெரிய கடைகளுக்கு ஒரு விலையிலும், விநியோகஸ்தர் வழியாகச் சிறு கடைகளுக்கு வேறு விலையிலும் சரக்கு கொடுக்கின்றன. 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் விநியோகஸ்தர்கள் கோல்கேட் பொருள்களை விற்க மாட்டோம் என்று போராட்டத்தில் இறங்கியதற்கு இந்த விலை வேறுபாடுதான் காரணம். உங்கள் தெருக்கடைக்காரர் பேராசையால் விலையைக் கூட்டிவிடவில்லை. அவருக்குச் சரக்கு இறங்கும்போதே விலை கூடுதல்.

வரியும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் கடைகள் பல, ஜி.எஸ்.டி.யின் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்து, விற்றுமுதலில் 1 விழுக்காட்டை மொத்தமாக வரியாகக் கட்டுகின்றன. கணக்கு வேலை குறையும், உண்மைதான். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது; கொள்முதலில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய கடையோ சரக்குக்கு மட்டுமல்லாமல், கடை வாடகைக்கும் அலமாரிகளுக்கும் கட்டிய வரியைக்கூடத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறது.

பருப்பு, அரிசி, மாவு என்று வந்தால் நிலைமை மாறுகிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு விவரம் அச்சிட்டு விற்கும் தானியங்களுக்கும் பருப்புகளுக்கும் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. மூட்டையைப் பிரித்துக் கண்முன்னே எடைபோட்டுத் தரும் துவரம்பருப்புக்கு அந்த வரி கிடையாது. தரத்தைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம், கால் கிலோவும் வாங்கலாம். இந்தச் சாமான்களின் விலையை இரண்டு இடங்களிலும் விசாரித்து எழுதி வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கடனைப் பற்றி. எங்கள் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கூலி இருக்காது. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இரண்டு மாதம் ஒரு குடும்பம் சாப்பிட அது போதாது. அந்த நாள்களில் தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் அரிசியும் எண்ணெயும் வீடுகளுக்குப் போவது கடைக்காரரின் நோட்டில் பற்று எழுதித்தான். வட்டி இல்லை, அடமானம் இல்லை, கையெழுத்துகூட இல்லை. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குத் தீரும். சில கணக்குகள் தீராமலே போகும். 2011 டிசம்பரில் ‘தானே’ என்ற புயல் அடித்து, பல நாள் மின்சாரம் இல்லாமல் இந்த ஊர் கிடந்தபோதும் அந்த நோட்டுதான் பல வீடுகளில் உலை வைத்தது.

இந்தக் கடனுக்கான செலவு கடையின் விலைக்குள் இருக்கிறது. ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார். எனக்கு அது மனப்பூர்வமான சம்மதம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பட்டினி கிடக்காமலிருக்க நான் கொடுக்கும் இரண்டு ரூபாய், நான் கொடுப்பதிலேயே நியாயமான பணம் என்று நினைக்கிறேன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறொன்று. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் சம்பள நாளில் ரொக்கத்தைப் பெரிய கடையில் கொட்டிவிட்டு, இருபதாம் தேதிக்குமேல் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் தெருக்கடையில் கடன் சொல்கிறார்கள். ரொக்கம் அங்கே, கடன் இங்கே. ஒரு சிறு கடையை இதைவிட வேகமாக முடக்க வழியில்லை. விநியோகஸ்தருக்கு வாராவாரம் பணம் கொடுத்தால்தான் அடுத்த சரக்கு வரும். நோட்டில் நிற்கும் தொகையைக் காட்டி அவரிடம் சரக்கு எடுக்க முடியாது.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஷாம்புவைச் சாஷே என்னும் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி எங்கள் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலில் வந்த சிக் ஷாம்பு கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது, பெட்டிக்கடை வாசலில் தொங்கிய சரங்களால்தான். சந்தையை உருவாக்கிக் கொடுத்த கடைகளுக்கே இன்று கூடுதல் விலையில் சரக்கு கொடுப்பது அநியாயம்.

தெருக்கடையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பால் பாக்கெட்டுக்கும் குளிர்பானத்துக்கும் குளிரூட்டும் செலவு என்று அச்சிட்ட விலைக்குமேல் வாங்குவது சட்டப்படி தவறு, கொடுக்காதீர்கள். பில் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு குறை பெண்களுக்குத்தான் தெரியும். கல்லாவில் நிற்கும் ஆண்களுக்கு நடுவே சானிட்டரி நாப்கினைப் பெயர் சொல்லிக் கேட்டு, அதைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிய தலைமுறைக்கு, அலமாரியிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் பெரிய கடை உண்மையிலேயே ஒரு விடுதலை. எல்லாப் பொருளையும் எடுத்துப் பார்த்து, காலாவதித் தேதி படித்து, யார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமில்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். இதைச் சிறு கடைக்காரர்கள் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். சோப்பு, சலவைத்தூள் வகைகளை வேண்டுமானால் பெரிய கடையிலேயே வாங்குங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாச் சாமான்களின் பட்டியலை முதல் தேதியன்று தெருக்கடைக்காரரிடம் கொடுத்து, மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள். நான் கணக்கு எழுதும் கடைகளில் பெரும்பாலானவர்கள் உடனே குறைத்துத் தருவார்கள். முதல் தேதியில் கிடைக்கும் ரொக்கத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். அப்படிக் கேட்டும் குறைக்கவில்லை என்றால், தெருவில் இன்னொரு கடை இருக்கும், அங்கே கேளுங்கள்.