பவர் ஸ்டேஷன் வாங்கலாமா? மழைக்காலத்துக்கு முன் வந்த கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்தால் போதும், இந்தக் கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். 2016 வர்தா, 2018 கஜா, 2023 மிக்ஜாம் எல்லாவற்றையும் இருட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த மாதத்தில் கவலை வருவது இயல்புதான். நான் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். பவர் ஸ்டேஷன் விற்பவன் இல்லை. அதனால் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, மேலே கைப்பிடி வைத்தால் அதுதான் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன். சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றி, கரண்ட் போனதும் அதன் முகப்பிலுள்ள பிளக் பாயிண்டில் சாமானை மாட்டிக்கொள்ளலாம்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: கடைக்காரர் "ஆயிரம் வாட் சார், வீடே ஓடும்" என்கிறார். பெட்டியில் 80,000 எம்ஏஎச் என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் தள்ளி வையுங்கள். நீங்கள் தேட வேண்டியது வாட்-அவர்.

வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பது. வாட்-அவர் என்பது உள்ளே எவ்வளவு கரண்ட் சேர்ந்திருக்கிறது என்பது. நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட், 1000 வாட்-அவர். இனி 80,000 எம்ஏஎச் கணக்குக்கு வருவோம். ஆயிரத்தால் வகுத்தால் அது 80 ஆம்பியர்-அவர். அதை உள்ளே இருக்கும் ஒரு செல்லின் 3.2 வோல்ட்டால் பெருக்கினால் 256 வாட்-அவர்தான், அதாவது கால் யூனிட். ஆயிரம் வாட் பளு கொடுத்தால் அந்தப் பெட்டி கால் மணி நேரம்கூட ஓடாது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மிக்ஸி ஓடத்தான் ஓடும். வீடே ஓடும் அளவுக்கு உள்ளே கரண்ட் இருக்காது, அவ்வளவுதான்.

வாட்-அவர் எண்ணைப் பெட்டி மேல் போடாமல் எம்ஏஎச்சை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவர்: இரண்டாம் மாடி. இன்வெர்ட்டர் வைக்க ஓனர் ஒயரிங்கில் கை வைக்க விடமாட்டேன் என்கிறார். ஒரு ஃபேன், ரவுட்டர், லேப்டாப், இரண்டு லைட் ஐந்து மணி நேரம் ஓடினால் போதும் அண்ணே.

தம்பி, இந்தப் பெட்டி உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது. ஒயரிங் தொட வேண்டாம், வீடு மாறினால் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

கணக்கைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், ரவுட்டர் 10, லேப்டாப் 50, இரண்டு எல்இடி பல்பு 18. மொத்தம் 153 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 765 வாட்-அவர். ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது முழுவதும் வெளியே வராது. பேட்டரியின் டிசி கரண்டை 230 வோல்ட் ஏசியாக மாற்றும்போது சுமார் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். ஆக 900 தேவைப்படும், 1000 வாட்-அவர் பெட்டியாக எடுக்க வேண்டும்.

இப்போது ஃபேனை மட்டும் மாற்றுங்கள். பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்தது, 30 வாட் அளவில் நிற்கும். அதே கணக்கு 540 வாட்-அவருக்கு இறங்கி, இழப்பையும் சேர்த்து 640 அளவில் முடியும். 700 வாட்-அவர் பெட்டியே போதும். ஒரு ஃபேன் வாங்கும் காசு, பெட்டி விலையில் அதைவிட அதிகமாகவே மிச்சமாகும். கரண்ட் பில்லும் குறையும். பெட்டி வாங்க வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஃபேனைப் பற்றித்தான்.

சீலிங் ஃபேனை எப்படிப் பெட்டியில் மாட்டுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். மாட்ட முடியாது, அது சுவர் சுவிட்சோடு போகிறது. பிஎல்டிசி பெடஸ்டல் ஃபேனாக வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. லேப்டாப்பை அதன் சார்ஜர் வழியாக மாட்டாமல், பெட்டியில் உள்ள டைப்-சி துளையிலேயே நேராக மாட்டுங்கள். ஏசியாக மாற்றி மறுபடி டிசியாக்கும் வீண் செலவு இருக்காது. ஏசி பட்டனை அழுத்தி வைத்தாலே, ஒன்றும் மாட்டாமல்கூட 10 முதல் 20 வாட் வரை பெட்டி தானே தின்னும். இரவு முழுக்க ஒரு சின்ன லைட்டுக்காக அதை ஆனில் வைத்தால் லைட்டைவிடப் பெட்டிதான் அதிகம் சாப்பிட்டிருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: சொந்த வீடு. இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஏஎச் பேட்டரி போய்விட்டது. புது பேட்டரிக்குப் பதிலாகப் பவர் ஸ்டேஷன் வாங்கலாமா சார்?

வேண்டாம் சார். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். வீட்டு ஒயரிங்கோடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் எல்லா அறையிலும் லைட்டையும் ஃபேனையும் தானே எடுத்துக்கொள்ளும். பெட்டி வாங்கினால் இருட்டில் ஒயரை இழுத்துக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும். புதிதாக இன்வெர்ட்டரும் டியூபுலர் பேட்டரியும் சேர்த்து வாங்கினாலே 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடியும். அதே அளவு கரண்ட் தரும் பவர் ஸ்டேஷனுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

150 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-அவர். ஆனால் அது இருபது மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கும் கணக்கு. பேட்டரியில் சி20 என்று போட்டிருப்பது அதுதான். 400 வாட் பளு போட்டு இழுத்தால் அவ்வளவு தராது. அடிமட்டம் வரை வடித்தால் ஆயுளும் குறையும். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதுதான் அலுப்பு என்றால், சுவரில் மாட்டும் லித்தியம் இன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன. அதைப் பாருங்கள்.

உங்கள் பக்கம் லோ வோல்டேஜ் தொல்லை இருக்குமே, அதற்கும் ஒரு வார்த்தை. பவர் ஸ்டேஷன் ஸ்டெபிலைசர் இல்லை. சுவரிலிருந்து 180 வோல்ட் வந்தால், பெரும்பாலான பெட்டிகள் அந்த 180-ஐ அப்படியே சாமானுக்குக் கடத்தும்.

நாகர்கோவிலில் ஆன்லைன் டியூஷன் எடுக்கும் ஆசிரியை: பாடம் நடத்தும்போது நெட் போகக் கூடாது. எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்?

டீச்சர், பெட்டியே வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. போவது ரவுட்டர்தான். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கும், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். உங்கள் ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து இரண்டு வெளியீடு உள்ளதாக எடுங்கள்.

கடலூரிலிருந்து ஒரு அம்மா: ஃப்ரிட்ஜ் ஓடினால் போதும். மாவு புளித்துப்போகிறது, மீன் கெட்டுப்போகிறது.

அம்மா, ஃப்ரிட்ஜின் கதவில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 190 என்று இருந்தால், 365-ஆல் வகுக்க, நாளுக்கு அரை யூனிட் சொச்சம். வெயில் காலத்தில், கதவை அடிக்கடி திறக்கும் வீட்டில், முக்கால் யூனிட் என்று வையுங்கள். இழப்பும் பெட்டி தானே தின்பதும் போக, 1000 வாட்-அவர் பெட்டி முக்கால் நாள் அளவு தாங்கும்.

சிக்கல் அங்கே இல்லை, கம்ப்ரஸர் கிளம்பும்போது. ஓடும்போது 120 வாட் எடுப்பது, கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 300 வாட் பெட்டி 'டிக்' என்று அணைந்துவிடும். தொடர்ந்து 1000 வாட், கிளம்பும் நொடிக்கு 2000 வாட் தாங்கும் பெட்டியாகப் பாருங்கள். உங்களுடையது இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் என்றால் மெதுவாகக் கிளம்பும், இந்தத் தொல்லை குறைவு. வெளியீடு 'ப்யூர் சைன் வேவ்' (மின்வாரியக் கரண்ட் போலவே சீரான அலை) என்று இருக்கட்டும். அது இல்லாத மலிவுப் பெட்டிகளில் மோட்டார் உறுமும், சூடாகும்.

சில பெட்டிகள் தம் அளவுக்கு மேற்பட்ட வாட்டையும் ஓட்டுவேன் என்று விளம்பரம் செய்யும். வோல்டேஜைக் குறைத்துத்தான் அதைச் செய்கின்றன. இஸ்திரிப்பெட்டிக்குச் சரி, ஃப்ரிட்ஜுக்குக் கூடாது.

கரண்ட் போவது நான்கு மணி நேரத்துக்குள் என்றால் ஒன்றுமே வாங்க வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் அதுவரை நிற்கும்.

மதுரையிலிருந்து ஒருவர்: அப்பா இரவில் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்கக் காற்றை அழுத்தித் தருவது) போட்டுத் தூங்குகிறார். கரண்ட் போனால் மூச்சுத் திணறி எழுந்துவிடுகிறார்.

சிபாப்புக்குப் பவர் ஸ்டேஷன் நன்றாகவே ஒத்துவரும். ஈரப்பதம் தரும் ஹீட்டரை அணைத்தால் 30 முதல் 40 வாட். எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-அவர், இழப்பும் பெட்டி தானே தின்பதும் சேர்த்து 500 என்று வையுங்கள். ஹீட்டர் போட்டால் இதைப்போல் இரண்டு மடங்குகூட ஆகும். மெஷின் கம்பெனியே விற்கும் டிசி கேபிள் இருந்தால் வாங்கிவிடுங்கள், பேட்டரி கூடுதல் நேரம் வரும்.

கவனிக்க வேண்டியவை. யுபிஎஸ் வசதி உள்ள பெட்டியாக எடுத்து, சுவர் – பெட்டி – மெஷின் என்று எப்போதும் மாட்டியே வையுங்கள். கரண்ட் போனால் கண் இமைக்கும் நேரத்துக்குள் மாறிவிடும், அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. பெட்டியின் செட்டிங்கில் 'ஈகோ மோட்' என்று ஒன்று இருக்கும். பளு குறைவாக இருந்தால் யாரும் உபயோகிக்கவில்லை என்று நினைத்துப் பெட்டி தானாக அணைந்துவிடும். சிபாப் மாதிரி சின்னப் பளுவுக்கு இது ஆபத்து. வாங்கியதும் அதை அணையுங்கள். அப்புறம், நீங்கள் பக்கத்தில் இருக்கும் ஓர் இரவில் சுவர் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து, காலை வரை தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு இதே கணக்கைப் போட வேண்டாம். ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் வரை எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு மூன்றரை யூனிட். பெட்டியை மட்டும் நம்பாமல், டாக்டரைக் கேட்டு ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சேலத்திலிருந்து: தம்பி நியூஜெர்சியிலிருந்து வருகிறான். அங்கே தள்ளுபடியில் கிடைக்கிறதாம். கொண்டுவரச் சொல்லலாமா?

வராது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை, கைப்பையிலும் சரி, செக்-இன் லக்கேஜிலும் சரி. வந்தாலும் அது 120 வோல்ட் பெட்டி, நம் ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எதற்கும் ஆகாது.

போரூரிலிருந்து: ஒரு எச்பி தண்ணீர் மோட்டார் ஓடுமா?

பெரிய, விலை கூடிய பெட்டிகளில் ஓடலாம். அதற்காக வாங்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் மேல் தொட்டியை நிரப்பி வையுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: மொட்டை மாடியில் 540 வாட் சோலார் பேனல் இரண்டு சும்மா கிடக்கிறது. பெட்டியில் நேராக மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளை முதலில் படியுங்கள். 'ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்' என்ற வரியில் 50 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பெட்டியின் சோலார் உள்ளீட்டில் 12–28 வோல்ட் என்று இருந்தால் ஒரு பேனல்கூடக் கூடாது, போர்டு எரிந்துவிடும். 60 வோல்ட் வரை என்றால் ஒன்று மாட்டலாம். இரண்டையும் வரிசையாக இணைத்தால் 100 வோல்ட் ஆகிவிடும், அதைத் தாங்கும் பெட்டிக்கு மட்டும்தான் அது. ஆம்பியர் கூடினால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் மன்னிக்காது.

கஜா நேரத்தில் டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எத்தனை பெரிய பெட்டியும் இரண்டாம் நாள் காலி. அதை மறுபடி நிரப்ப வழி இருப்பவருக்குத்தான் பயன். அந்த வகையில் உங்கள் பேனல் பெரிய சொத்து. நல்ல வெயிலில் ஒரு பேனல் நாளுக்கு இரண்டு யூனிட் தரும். மேகம் மூடிய முதல் நாளில் அதில் சிறு பங்குதான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பக்கத்து வீட்டில் மானியத்தில் போட்ட சோலார் இருக்கிறதே, அங்கிருந்து ஒயர் இழுக்கலாமா என்று நினைக்காதீர்கள். மின்வாரிய லைனோடு இணைந்த அந்த சோலார், பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும்.

ஈரோட்டிலிருந்து: இருபக்கமும் பிளக் வைத்த ஒயர் செய்து, பெட்டியிலிருந்து சுவர் பாயிண்டில் செருகினால் வீடு முழுக்க வரும் என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

செய்யவே கூடாது. நீங்கள் செருகும் கரண்ட் மெயின் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கே லைன் செத்திருக்கிறது என்று நம்பி ஒயர்மேன் ஏறியிருப்பார். ஒரு முனை சுவரில் இருக்கும்போது மறுமுனையின் பின்னைக் குழந்தை தொட்டாலும் முடிந்தது கதை. திடீரென்று கரண்ட் வந்தால் பெட்டியும் எரியும். மெயினை அணைத்துவிட்டுச் செய்வேன் என்பார்கள். அணைக்க மறக்கும் ஒரு நாள் போதும். வீட்டு ஒயரிங்கில் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (மின்வாரிய லைன், பெட்டி இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது) போடுங்கள்.

வேலூரிலிருந்து: பழைய மாடல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? எங்கே வைப்பது?

பேட்டரி வகையைக் கேளுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் சுமார் 3000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் மிஞ்சும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த லித்தியம்) என்றால் 500 முதல் 800 முறை. பழைய மாடல் பலவற்றில் இருப்பது என்எம்சிதான், பாதி விலைக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். எப்போதாவது புயலுக்கு மட்டும் என்றால் அதுவும் போதும். வேலூர் வெயிலுக்கு எல்எஃப்பி மேல். ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதா, உங்கள் ஊரிலோ சென்னையிலோ சர்வீஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். போர்டு போனால் வெளியே யாரிடமும் உதிரி கிடைக்காது.

காற்றாட இருக்கும் இடத்தில் வையுங்கள். மூடிய அலமாரி, சித்திரை வெயிலில் கார் டிக்கி, இரண்டும் ஆகாது. சும்மா வைக்கும்போது 60 சதவீதத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள்.

அவரே மறுபடி: வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முழுக்க ஏற்றுங்கள். 100 வாட் அளவில் நிலையான ஒரு பளுவை மாட்டி, தானாக அணையும் வரை நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 1000 வாட்-அவர் பெட்டி எட்டு மணி நேரமாவது ஓட வேண்டும். ஆறு மணி நேரத்தில் படுத்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.