ஸ்ட்ரட்டை மாற்றும் முன் கூரையை எடை போடுங்கள்

கேள்வி: பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் உட்காரும் பாப்-அப் கேம்பர் (பயணத்தில் தங்கும் சிறு அறை) ஒன்றை ஐந்து வருடம் முன்பு நானே கட்டினேன். ப்ளைவுட் உடம்பு, மேலே எழும்பும் கூரை, நடுவில் வினைல் துணி. கூரை இரண்டு ப்ளைவுட் தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த குழாயிலிருந்து தண்டு வெளியே தள்ளிக் கூரையைத் தூக்கும்), ஒவ்வொன்றும் 250 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ எடைக்கு ஈடான விசை. இரண்டு வருடம் முன்பு கூரையில் 200 வாட் சோலார் பேனல் வைத்தேன். இப்போது கூரையைத் தூக்குவதே பெரும்பாடாக இருக்கிறது. இடப்பக்கம் பின்தங்கி ஏறுகிறது. குளிர்ந்த காலைகளில் தானே மெல்ல இறங்குகிறது. முன்பக்க மூலையில், படுக்கைக்கு மேலே, ஈரக் கறை. எத்தனை முறை சிலிகான் பூசினாலும் திரும்ப வருகிறது. துணியும் ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. 400 நியூட்டன் ஸ்ட்ரட் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? அல்லது கூரையையே புதிதாகக் கட்ட வேண்டுமா?

பதில்: 400 நியூட்டன் ஸ்ட்ரட்டை இப்போது வாங்காதீர்கள். உங்கள் கேள்வியில் மூன்று பழுதுகள் இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் கூரை கனப்பதும் மூலை ஒழுகுவதும் ஒரே பழுதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூரைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நீங்கள் தினமும் தூக்குகிறீர்கள்.

முதலில் ஸ்ட்ரட் எப்படித் தூக்குகிறது என்று பார்ப்போம். கூரை மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். அதன் விசையில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் போகும். மூடிய நிலையில் தரையோடு 10 டிகிரி, முழுக்கத் திறந்த நிலையில் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரியில் அதன் விசையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மேல்நோக்கி வேலை செய்யும். நான்கு 250 நியூட்டன் ஸ்ட்ரட்டும் சேர்ந்து அங்கே கொடுப்பது சுமார் 18 கிலோ. 60 டிகிரிக்கு வரும்போது அதே நான்கும் 88 கிலோவைத் தாங்கும்.

உங்கள் கூரை கட்டியபோது 60 கிலோ என்று வையுங்கள். ஆரம்பத்தில் உங்கள் கை தூக்க வேண்டியது 42 கிலோ. முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை என்று பிரித்துத் தூக்கினால் 21 கிலோதான், சிரமமில்லை. ஸ்ட்ரட் 36 டிகிரி தாண்டியதும் கூரை தானே எழும்பும். மேலே போன பிறகு 28 கிலோ அளவுக்கு உபரி விசை இருக்கும், காற்றடித்தாலும் நிற்கும். இப்போது அதே கூரை 75 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். ஆரம்பத்தில் 57 கிலோவைத் தூக்க வேண்டும். 47 டிகிரி வரை உங்கள் கைதான் சுமக்க வேண்டும். மேலே மிஞ்சும் உபரி வெறும் 13 கிலோ.

அடுத்து குளிர். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அழுத்தப்பட்ட நைட்ரஜன். குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 20 டிகிரி செல்சியஸில் இருந்து மைனஸ் 10க்குப் போனால் விசையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் 13 கிலோ உபரி அங்கே 4 கிலோ சொச்சமாகிவிடும். ஐந்து வருடத்தில் ஸ்ட்ரட் கொஞ்சம் கசிந்தும் இருக்கும். காலையில் கூரை மெல்ல இறங்குவது இதனால்தான்.

சரி, 400 நியூட்டன் போட்டால் என்ன ஆகும்? திறப்பது சுலபமாகும், உண்மை. ஆனால் மேலே 65 கிலோவுக்கும் மேல் உபரி சேரும். அதை இழுத்து மூட நீங்கள் ஏறக்குறையத் தொங்க வேண்டியிருக்கும். அதைவிட மோசமானது மூடிய நிலை. நான்கு ஸ்ட்ரட்டும் ஆளுக்கு 40 கிலோ அளவில் தங்கள் நுனிகளைப் பிடித்திருக்கும் தாங்கிகளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், வண்டி ஓடும்போதும் நிற்கும்போதும், மாதக்கணக்கில். அந்தத் தாங்கியின் திருகுகள் பிடித்திருப்பது ஈரத்தில் ஊறிய மரத்தை. நானே ஒரு முறை இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பெரிய ஸ்ட்ரட் மாட்டிய சில மாதங்களில், மழை விட்ட ஒரு மாலையில், பின் தாங்கி மரத்துண்டோடு பிய்ந்து வந்தது. கூரையின் அந்த மூலை இறங்கிய இடத்தில் சற்று முன்புதான் என் கை இருந்தது. அதற்குப் பிறகு முட்டு கொடுக்காமல் எந்தப் பாப்-அப் கூரையின் கீழும் நான் கை வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலை எடை பார்ப்பது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். கூரையைத் திறந்து நான்கு மூலைக்கும் உறுதியான மர முட்டு கொடுங்கள். அப்புறம் ஸ்ட்ரட்டுகளைக் கழற்றுங்கள். கூரையை உடம்போடு இணைக்க முன்னும் பின்னும் மடிப்புப் பலகைகள் இருந்தால், அவை எடையைத் தாங்காதபடி லேசாக உள்ளே மடித்துவிடுங்கள். முன் விளிம்பின் நடுவில் ஒரு கட்டையை மெஷின் மேல் நிறுத்தி, முன் முட்டுகளை விட்டு ஒரு சென்டிமீட்டர் மட்டும் மேலே தூக்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டுகளை எடுத்துவிட வேண்டாம், கட்டை நழுவினால் அவைதான் காப்பாற்றும். பின் விளிம்பிலும் அதே போல். இரண்டு எண்களையும் கூட்டினால் கூரையின் மொத்த எடை. இடது, வலது விளிம்புகளையும் இப்படியே பாருங்கள். இடப்பக்கம் பின்தங்குவதற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடக்கூடும்.

கழற்றிய ஸ்ட்ரட்டையும் அதே மெஷின் மேல் தண்டு கீழே இருக்க நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். தண்டு உள்ளே போகத் தொடங்கும்போது 25 கிலோ காட்டினால் 250 நியூட்டன் அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் வேறு வேறு எண் காட்டினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இனி காய்ந்த கூரை எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். ப்ளைவுட் ஒரு கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மீட்டரில் பெருக்கி அதோடு பெருக்கினால் போதும். விளிம்புச் சட்டம், கீல்கள், துணி எல்லாவற்றையும் சேருங்கள். கண்ணாடி போட்ட 200 வாட் பேனல் 10 முதல் 12 கிலோ இருக்கும், அதையும் சேருங்கள். அதற்கு மேல் மெஷின் காட்டுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இப்போது ஒழுகலுக்கு வருவோம். கறை இருக்கும் இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஃபோமுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே ஊர்ந்து போய், தாழ்ந்த மூலையில்தான் வெளியே வரும். வண்டி நிறுத்தும் இடம் கொஞ்சம் முன்னால் சரிந்திருந்தாலே பின்பக்க ஓட்டைத் தண்ணீர் முன் மூலையில் சொட்டும். எனக்கு முதல் சந்தேகம் சோலார் பேனலின் கால்கள் மேல்தான். கூரை கனத்ததும் கறை வந்ததும் பேனல் வைத்த பிறகு என்றால், அந்தத் திருகு ஓட்டைகளைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டி. 2.4 மீட்டர் நீளப் பட்டி குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே 50 டிகிரி மாறும்போது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதன் அடியில் இருக்கும் ப்ளைவுட் அந்த அளவுக்கு அசையாது. நடுவில் மேலோட்டமாகப் பூசிய சிலிகான் ஒட்டு விட்டுப்போகும். அதன் மேல் நீங்கள் மறுபடி பூசும் சிலிகானும் நிற்காது, காரணம், ஆறிய சிலிகான் மேல் எதுவுமே சரியாக ஒட்டாது, புதுச் சிலிகான் உட்பட. திரும்பத் திரும்பப் பூசியதில் உள்ளே போன தண்ணீர் வெளியே வரும் வழியும் அடைபட்டிருக்கலாம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க, வெளியே குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும், ஒரு இணைப்புக்குப் பத்து நிமிடமாவது. மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது. கூரையின் உள்தகட்டை ஊசி வைத்த ஈரமானியால் ஒரு சாண் இடைவெளியில் குத்திப் பார்த்து, எண்களைப் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20க்கு மேல் இருக்கும் இடத்தில் பூஞ்சை வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஈரத்தின் வரைபடமே உங்கள் தலைக்கு மேல் கிடைத்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அதுவரை ஊகமாக இருந்தது கண்ணால் பார்க்கும் விஷயமாகிவிடும்.

அந்த வரைபடம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில். ஈரம் நடுவில் மட்டும் இருந்து, சுற்றுச் சட்டம் கெட்டியாக இருந்தால் பழுது பாருங்கள். கீலும் ஸ்ட்ரட்டும் மாட்டியிருக்கும் சட்டமே இரண்டு மூலைகளில் இற்றுப்போயிருந்தால் புதுக் கூரைதான் சரி. உடம்பைத் தொட வேண்டாம்.

பழுது பார்ப்பதானால் வெளித்தகட்டை வெட்டாதீர்கள், உள்பக்கத் தகட்டைத் திறங்கள். உள்ளே போடும் ஒட்டு எந்த மழையையும் தாங்க வேண்டியதில்லை. இற்ற பகுதியைத் தாண்டி நல்ல மரம் வரும் வரை வெட்டுங்கள். நனைந்த ஃபோமை எடுத்துவிடுங்கள். பிறகு காய விடுங்கள், வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. ஈரமானி 15க்குக் கீழே காட்டாமல் மூடினால் அழுகலை உள்ளே வைத்துத் தைப்பதுதான். புதுத் தகட்டைச் சேர்க்கும்போது இரண்டு விளிம்பையும் தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் செதுக்கி எபாக்ஸியால் (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பசை) ஒட்டுங்கள். 6 மில்லிமீட்டர் தகட்டுக்கு 48 மில்லிமீட்டர் சரிவு. ஃபோம் பாலிஸ்டைரீன் வகை என்றால் பாலியெஸ்டர் ரெசினைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். அது ஃபோமைச் சர்க்கரைப் பாகு போலக் கரைத்துவிடும். எபாக்ஸி அதைத் தொடாது.

திருகு ஓட்டைகளுக்குப் படகு கட்டுபவர்கள் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. கூரையில் போகும் ஒவ்வொரு திருகுக்கும் இதைச் செய்யுங்கள். தேவையான ஓட்டையை விட இரண்டு மடங்கு பெரிதாகத் துளையிட்டு, ஃபோமிலும் கொஞ்சம் தோண்டி, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் முழுக்க நிரப்புங்கள். இறுகிய பிறகு அதன் நடுவில் திருகுக்கான சிறு துளை போடுங்கள். பிற்காலத்தில் மேலே உள்ள அடைப்பு விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடவே முடியாது. பேனல் கால்களுக்கும் விளிம்புப் பட்டிக்கும் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்கள். அது ஆறிக் கெட்டியாவதில்லை, அலுமினியம் அசையும்போது கூடவே அசையும். வெளி விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஒரு கோடு. பழைய சிலிகானை மட்டும் ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். எவர்சில்வர் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், திருகில் அதற்கான தடுப்புப் பசையைத் தடவுங்கள்.

புதுக் கூரைதான் என்று முடிவானால் இந்த முறை இலகுவாகக் கட்ட வாய்ப்பு. 3 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு பக்கமும், நடுவில் 40 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். ஃபோம் (கெட்டியான பாலிஸ்டைரீன் பலகை), வெளிப்புறம் மெல்லிய கண்ணாடியிழைத் துணி எபாக்ஸியில். 2.4க்கு 1.5 மீட்டர் கூரை விளிம்புச் சட்டத்தோடு 30 கிலோ அளவில் முடிந்துவிடும், பேனல் தனி. கீல், ஸ்ட்ரட், பேனல் கால் வரும் இடங்களில் ஃபோமுக்குப் பதில் மரக்கட்டை பதியுங்கள். நடுவை விளிம்பை விட 2 சென்டிமீட்டர் உயர்த்தினால் தண்ணீர் தேங்காது. அந்தக் கூரைக்கு உங்கள் 250 நியூட்டனே அதிகம்.

துணி கிழிந்ததற்குக் காரணம் மூடும்போது மூலை வெளியே பிதுங்கி நசுங்கியது. துணியின் நடு உயரத்தில், உள்பக்கமாகச் சுற்றிலும் ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடினால் மூடும்போது துணி தானே உள்ளே மடியும். கிழிசலுக்கு அதே வினைலில் மூலைகள் வட்டமாக வெட்டிய ஒட்டு, உள்ளேயும் வெளியேயும், வினைலுக்கான பசையால். சதுர மூலை வைத்தால் அங்கிருந்தே உரியும். தையல் தேவைப்பட்டால் வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் மட்டும், பருத்தி நூல் வேண்டாம். நனைந்த துணியோடு மூடிவிட்டீர்களானால் வீடு வந்ததும் திறந்து உலர்த்திவிடுங்கள்.

ஒழுகலை அடைத்தால் காற்று வரும் வழிகளும் குறையும். உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரிப்பதாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு காற்றை விடக் கனமானது, அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருக்கிறதா என்றும் இந்த வேலையோடு பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஸ்ட்ரட். கூரை காய்ந்து, பேனல் திரும்ப ஏறிய பிறகு மறுபடி எடை பாருங்கள். மேலே சொன்ன கணக்கை உங்கள் சொந்தக் கோணங்களை வைத்துப் போட்டு, முழுக்கத் திறந்த நிலையில் 20 முதல் 25 கிலோ வரை உபரி வருகிற அளவை வாங்குங்கள். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே உள்ள எண்ணெய் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பை நனைத்துக்கொண்டே இருக்கும், நெடுநாள் உழைக்கும். பிறகு அந்த எடையையும் தேதியையும் கூரையின் உள்பக்கம் அழியாத மையில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கூரை கனக்கிறது என்று தோன்றினால் முதலில் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.