கீழே அடக்குகிறான், மேலே வந்ததும் இறக்குகிறான்

கேள்வி: மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். இரண்டு மாதக் குட்டியாக வந்த லாப்ரடாருக்கு இப்போது நாலரை மாதம். ஊசியெல்லாம் முடியும்வரை கீழே விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் பால்கனியில் பேப்பர் விரித்துப் பழக்கினோம். இப்போது தெருவுக்குக் கூட்டிப் போனால் கேட்டருகே உட்கார்ந்துகொள்கிறான், இழுத்தாலும் நகர்வதில்லை. முக்கால் மணி நேரம் நின்றாலும் ஒரு சொட்டு கிடையாது. மேலே வந்து பெல்ட்டைக் கழற்றிய இரண்டாவது நிமிடம் ஹால் மிதியடியில் குளம். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் மாமனார். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: முதலில் மாமனாரின் வைத்தியத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது உங்கள் சிக்கலை இரட்டிப்பாக்கும். மூக்கைத் தேய்த்தால் ‘வீட்டுக்குள் போகக் கூடாது’ என்று நாய் புரிந்துகொள்ளாது. ‘இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது’ என்றுதான் புரிந்துகொள்ளும். அப்புறம் தெருவில் நீங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றால் அவன் எப்படிப் போவான்? அடக்கிக்கொண்டு வந்து, உங்கள் கண் மறைந்ததும் சோபாவுக்குப் பின்னால் போவான். படிப்பு முடிந்த புதிதில் நானே வீட்டில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைச் சுருட்டிய செய்தித்தாளால் தட்டியிருக்கிறேன். அது அன்றிலிருந்து கட்டிலுக்கடியில் போக ஆரம்பித்தது. நாற்றம் கிளம்பும்வரை குட்டி திருந்திவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை. சொல்லப்போனால் நீங்கள் கற்றுக்கொடுத்ததை அவன் நன்றாகவே படித்திருக்கிறான். எந்தத் தரையில் போவது என்பதைக் குட்டிகள் ஏறக்குறைய ஏழிலிருந்து ஒன்பது வார வயதுக்குள் பாதம் வழியாகவே மனப்பாடம் செய்துவிடும். உங்கள் வீட்டுக்கு வந்தது அதே வயதில். காலுக்குக் கீழே மெத்தென்று இருக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்ச வேண்டும், பக்கத்தில் வீட்டு வாசனை வேண்டும்: அவனுக்குக் கக்கூஸ் என்றால் இதுதான். தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மிதியடியில் எல்லாம் இருக்கிறது. குளியல் துண்டு, கழற்றிப் போட்ட நைட்டி, குழந்தையின் ஸ்கூல் பேக் என்று குட்டிகள் தேடிப்போய் நனைப்பதற்கும் காரணம் இதுவே.

இத்தோடு பயமும் சேர்ந்திருக்கிறது. நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் பருவம் மூன்று வாரத்தில் தொடங்கி சுமார் பதினான்கு வாரத்தில் மங்கத் தொடங்கிவிடும். அந்தப் பருவத்தின் பின்பாதி உங்கள் குட்டிக்கு மூன்றாவது மாடியில் கழிந்துவிட்டது. டாக்டர் சொன்னது தவறு என்று சொல்லமாட்டேன். குட்டிகளுக்கு ரத்தபேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியாத குட்டியை தெரு மண்ணில் விடுவது ஆபத்து. ஆனால் கீழே விடாமல் இருப்பது வேறு, வெளியே காட்டாமலே இருப்பது வேறு. தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை ஓரமாகப் பத்து நிமிடம் நின்றிருந்தால் ஹாரன், பிரஷர் குக்கர் ரிப்பேர்க்காரர் குரல், ஷேர் ஆட்டோ எல்லாம் அப்போதே பழகியிருக்கும். இரண்டு மாதக் குட்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தாமதம்தான், கை மீறிவிடவில்லை.

கேட்டுக்கு வெளியே அவன் மூக்குக்கு என்ன தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தெருநாய்கள் ‘இது எங்க ஏரியா’ என்று எழுதி வைத்திருக்கின்றன. நாய்க்கு மூத்திரம் என்பது முகவரிச் சீட்டு. மிரண்டுபோன குட்டி அந்த இடத்தில் தன் முகவரியை விட்டுவிட்டு வர விரும்புமா? உடம்பும் ஒத்துழைக்காது, ஓடவா ஒளியவா என்று தயாராகிற உடம்பு சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிக்கொள்ளும். மேலே வந்து பெல்ட் கழன்றதும் உடம்பு தளர்கிறது, வாய் திறக்கிறது. அந்த இரண்டு நிமிடக் கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஆக, வேலை இரண்டு: பயத்தைத் தெளிவிப்பது, கக்கூஸை இடம் மாற்றுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் தெருவில் வைத்துச் செய்யப் பார்ப்பதால்தான் முக்கால் மணி நேரம் வீணாகிறது.

முதல் வாரம் ‘வாக்கிங்’ என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். காலை ஐந்து, ஐந்தரைக்கு, பால் பாக்கெட் வண்டி வந்துபோன பிறகு, காம்பவுண்டுக்கு உள்ளேயே ஒரு படியில் உட்காருங்கள். கழுத்து பெல்ட்டுக்குப் பதில் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் மாட்டுங்கள். கையில் உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் அவித்த கோழித் துண்டு, சுண்டைக்காய் அளவு. சைவ வீடானால் பனீர். ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு. வாங்கித் தின்கிறானா, அந்தத் தூரம் சரி. உயிருக்குயிரான கோழித் துண்டையே முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறானா, கேட்டுக்கு ரொம்ப அருகில் வந்துவிட்டீர்கள், நாலு எட்டு பின்னால் வாருங்கள். இதைவிட நம்பகமான பயமானி எனக்குத் தெரியாது. நாளுக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் போதும். இழுக்காதீர்கள், ஒரு தடவை தரதரவென்று இழுத்தால் மூன்று நாள் உழைப்பு போய்விடும்.

அதே வாரம் பால்கனியில் இடம் மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலானோர் செய்கிற தப்பு, குட்டி பெரியதாகிவிட்டது என்று ஒருநாள் காலையில் பேப்பரை எடுத்துவிடுவது. நம் வீட்டில் யாராவது பாத்ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனால் எப்படி இருக்கும்? பேப்பரை ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதன்மேல் கைப்பிடி மண் தூவுங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம். நர்சரியில் சதுரமாக வெட்டி விற்கும் புல்பத்தை கிடைத்தால் ஒன்று வாங்கிப் போடுங்கள். பாதத்துக்கு மண்ணும் புல்லும் பழகியதும், காலையில் நனைந்த பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்து அதே தட்டோடு கீழே கொண்டுபோய், மோட்டார் ரூம் பின்புறமோ மதிலோரமோ சந்தடியில்லாத மண் பகுதியில் வையுங்கள். தெருவை இப்போது நினைக்கவே வேண்டாம். அசோசியேஷனில் முதலிலேயே பேசிவிடுங்கள், அள்ளிவிடுவோம் என்று உறுதி கொடுங்கள். யார் வீட்டுக் கோலத்திலாவது முதல் வெற்றி நடந்துவிட்டால் அப்புறம் நாயைவிட நீங்கள்தான் வெளியே போகப் பயப்படுவீர்கள்.

எப்போது கூட்டிப் போவது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. தூங்கி எழுந்த உடனே, விளையாடி முடித்த உடனே, சாப்பிட்ட ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள். எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சமாக அடக்கக்கூடியது என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்களுக்கு ஐந்து மணி நேரம் சொச்சம். அது சும்மா படுத்திருக்கும்போது. ஓடியாடும் குட்டிக்கு ஒரு மணி நேரமே அதிகம். எல்லாவற்றிலும் பொன்னான நேரம் விடிகாலை, இரவு முழுக்கச் சேர்ந்திருக்கும். பால்கனிக் கதவை அவன் எட்டுவதற்குள் லிஃப்டில் இருக்க வேண்டும்.

கீழே போனதும் ஒரே இடத்தில் நில்லுங்கள், பத்து நிமிடம் போதும். ஒரே சொல்லைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா ‘உச்சா’ என்பார், பையன் ‘சூசூ’ என்பான், அம்மா ‘பாத்ரூம் போ’ என்பார். குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசியில் பலித்தது பாட்டி கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் செய்த ‘ஸ்ஸ்ஸ்’.

போகவில்லையா? மேலே வாருங்கள், ஆனால் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். உங்கள் தவறு முழுக்க இந்த இடத்தில்தான் நடக்கிறது. பெல்ட்டை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் காய் நறுக்குங்கள், மறுபடி கீழே. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ தாங்காமல் போய்விடுவான். இதைத் திங்கட்கிழமை ஆபீஸ் அவசரத்தில் தொடங்காதீர்கள், சனி ஞாயிறில் தொடங்குங்கள்.

போகும்போது நடுவில் கைதட்டாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை மேலே வந்து முடிப்பான். கடைசிச் சொட்டு விழுந்ததும் அங்கேயே, இரண்டு விநாடிக்குள், கோழி. பிறகு கொஞ்ச நேரம் வெளியே விளையாடவிட வேண்டும், உடனே வீட்டுக்கு அழைத்து வந்தால் ‘போனால் ஆட்டம் முடிந்தது’ என்று அடக்கப் பழகும் என்று பொதுவாகச் சொல்வோம். உங்கள் குட்டிக்கு நான் நேர் எதிராகச் சொல்கிறேன். வெளியைக் கண்டு நடுங்குகிறவனுக்கு வீடு திரும்புவதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஆகவே முதல் இரண்டு வாரம், போனதும் உடனே மேலே. தானாகவே மோப்பம் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிய பிறகு இதை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் மிதியடிகளை ஒரு மாதம் பரணில் போடுங்கள். பினாயில் நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். அமோனியா கலந்த கிளீனர் நாய்க்கு மூத்திரம் போலவே மணக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் கொட்டவே கூடாது, நச்சுப்புகை கிளம்பும். பெட் ஷாப்பில், வாசனையையே சிதைத்து அழிக்கும் என்ஸைம் கிளீனர் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள்.

சென்னைக்கென்று சில சங்கதிகள். கோடையில் காலை ஒன்பதுக்கே சிமெண்டுத் தரை சுடும். புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. அப்படி ஒரு மதியம் கூட்டிப் போய்விட்டு ‘அடம்’ என்று சொல்லாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் வழியாக லெப்டோ (எலிக்காய்ச்சல்) கிருமி இருக்கலாம்; போட்ட ஊசியில் அதற்கும் சேர்த்து இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். தீபாவளி வாரத்தில் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம். பால்கனித் தட்டோடு அந்த வாரத்தை ஓட்டுங்கள்.

உங்கள் குட்டி ஒரே தடவையில் குளமாகப் போகிறான் என்பதால் நோய்போலத் தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, தூங்கும் இடம் நனைந்திருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். பக்கத்து கிளினிக்கில் முடியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

ஒழுங்காகச் செய்தால் மூன்று, நான்கு வாரத்தில் காம்பவுண்டுக்குள் போக ஆரம்பிப்பான். தெரு அதற்கப்புறம். ஒரு வயதுக்குள் அவ்வப்போது நழுவத்தான் செய்யும். உங்கள் மாமனார் காலையில் நடக்கப் போகிறவரானால், ஐந்தரை மணி முறையை அவரிடமே விடுங்கள். கோழித் துண்டு டப்பாவும் அவர் கையிலேயே இருக்கட்டும்.